கேட்காமல் இருக்கும் உரிமை

கொல்கத்தாவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தபோது ஆபீஸ் நண்பர்கள் புழுக்கம், மீன் வாசனை, பாஷை என்று ஒரு பெரிய லிஸ்ட் போட்டுப் பயமுறுத்தினார்கள். ஒருத்தர்கூட சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் ஆகாது. கும்பகோணத்தில் மார்கழி விடியற்காலையில் குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தால் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு குப்புறப் படுத்துக்கொள்வேன். "ஊருக்கே கேக்குது, உனக்கு மட்டும் என்னடா வலிக்குது?" என்பார் அப்பா. வேலைக்கு வந்த பிறகு, நோட்டு எண்ணும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் தலைவலி.

இங்கே தீபாவளி விடியற்காலையில் கிடையாது. அமாவாசை ராத்திரி, காளி பூஜை. வெடிக்கும் பட்டாசுக்கு வங்காளத்தில் 'ஷொப்தோபாஜி' என்று தனிப் பெயரே உண்டு. வந்த முதல் வருடம் அன்று ராத்திரி பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே என் பெண், "அப்பாவுக்குப் பயமாம்மா?" என்று கேட்டது காதில் விழுந்தது. (அது மட்டும் தெளிவாக விழும்!)

பயம் இல்லை. ஆனால் அது என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. காது டாக்டர்தான் பெயர் சொன்னார்: ஹைபர்அக்யூசிஸ். மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் சிலருக்கு வலியாகத் தெரியுமாம். "எப்பப் பார்த்தாலும் காதை அடைச்சு வச்சுக்காதீங்க. அமைதிக்கே பழகிட்டா காது இன்னும் கூச்சப்படும். நிஜமா சத்தம் இருக்கற இடத்துல மட்டும் இயர் பிளக் போதும்" என்றும் சொன்னார். நான் அதுவரை நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்.

நம் பக்கம் ஏதாவது ரூல் இருக்கிறதா என்று தேடுவது பாங்க்காரன் புத்தி. தேடிப் போனால், கதையின் முக்கியமான ஒரு அத்தியாயம் நான் குடியிருக்கும் இதே ஊரில் நடந்திருக்கிறது.

1996-ல் ஓம் பீராங்கனா ரிலீஜியஸ் சொசைட்டி என்ற அமைப்பு மைக் வைக்க அனுமதி வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி கேள்வியைத் திருப்பிப் போட்டார். பேச உனக்கு உரிமை உண்டு, சரி. கேட்க விரும்பாதவனைக் கட்டிப்போட்டுக் கேட்க வைக்க உரிமை உண்டா? இல்லை என்பது தீர்ப்பு. பேச்சுரிமை தரும் அதே 19(1)(a) பிரிவுக்குள், கேட்காமல் இருக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்றார். இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இத்தனை வருடமாக என் குறை என்று நினைத்திருந்ததை ஒரு நீதிபதி உரிமைக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்.

2000 பிப்ரவரியில் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே 50, 40. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. கூட்டு வட்டியே தோற்றுவிடும்! அந்த வருடமே ஆகஸ்டில், சென்னையில் ஒரு சர்ச்சின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

2005 ஜூலை 18 தீர்ப்புதான் பெரியது. அதன் பின்னணியைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 13 வயதுப் பெண் ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். அவள் போட்ட கூச்சல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிப் பாட்டில் அமுங்கிப் போனது. அன்று மாலையே தீ வைத்துக்கொண்டு இறந்துபோனாள். 1998 ஜனவரியில் பத்திரிகையில் வந்த இந்தச் செய்திதான் அனில் மிட்டல் என்ற இன்ஜினியரை உச்ச நீதிமன்றத்துக்குப் போக வைத்தது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை நீதிபதிகள் லகோத்தியும் அசோக் பானும் உறுதி செய்தார்கள். நிம்மதியாக வாழ்வது 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையிலேயே சேர்த்தி என்றார்கள்.

எல்லாம் முன்னேற்றம்தான் என்று சொல்ல முடியாது. பண்டிகைக்காக வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு வரைக்கும் மாநிலங்கள் விலக்கு தரலாம். பட்டாசுக்கு மேற்கு வங்கத்தில் பல வருடம் இருந்த 90 டெசிபல் வரம்பு, 2023 அக்டோபரில் 125 ஆனது. மேலே சொன்ன மடங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சத்தத்தைத் தட்டிக் கேட்டு அதனால் உயிரை விட்டவர்களுக்கு 'ஷொப்தோ ஷொஹித்', அதாவது ஒலித் தியாகி என்று பெயர் வைத்த ஊர் இது.

போன காளி பூஜைக்கு இரண்டு வாரம் முன்னாடி எங்கள் தெரு க்ளப் செக்ரட்டரியைப் பார்க்கக் கிளம்பினேன். அவரை 'தாதா' என்றுதான் கூப்பிட வேண்டும். (பயப்படாதீர்கள், இங்கே அண்ணன் என்று அர்த்தம்.) மாடிப்படியில் மேல்வீட்டு மாஷிமா எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நானும் வரேன். முப்பது வருஷமா அன்னிக்கு ராத்திரி மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் படுக்கறேன்" என்றார்.

சட்டத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. மாஷிமாதான் பேசினார். ஸ்பீக்கர்கள் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பின, பத்து மணிக்கு நின்றன. பட்டாசு நிற்கவில்லை. ஆனால் அந்த ராத்திரி நான் பாத்ரூமில் உட்காரவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, இயர் பிளக்கோடு பெண்ணுடன் கேரம் ஆடினேன். அவளும் ஒரு ஜோடி கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

நான் தோற்றுவிட்டேன் என்பது வேறு விஷயம்.