தலைமன்னார் வழியே வந்த காய்ச்சல்

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற்சேவையும் தொடங்கியது. பள்ளிமுனை அமைந்துள்ள மன்னார்த் தீவு இலங்கையின் வாசலாயிற்று. நான்கே ஆண்டுகளில் இன்புளுவன்சாவும் வந்தது. 1918-19 கொள்ளைநோய் இலங்கைக்குள் நுழைந்த இடங்களாகக் கொழும்புத் துறைமுகத்தையும் தலைமன்னார் இறங்குதுறையையும் ஆய்வாளர் காட்டுகின்றனர். மக்கட்தொகை இழப்பு ஏறத்தாழ 3,07,000 என்பது அவர்களது மதிப்பீடு.

கிருமிகளை விழுங்கும் வெண்குழியங்கள் குறித்த ஆய்வுக்காக மெச்னிக்கோவ் 1908இலேயே நோபல் பரிசு பெற்றிருந்தார். நுரையீரலில் பற்றீரியா தொற்றினால் குருதியில் வெண்குழியங்கள் பெருகுவதே வழமை. இந்தக் காய்ச்சலிலோ பலருக்கு அவை குறைந்திருந்தன. அன்றைய மருத்துவருக்கு அது புதிராயிருந்தது. நோய்க்குக் காரணமான வைரசு 1933இலேயே மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

வைரசு சுவாசப்பாதையின் உட்படையைச் சிதைத்தது, காவலும் தளர்ந்தது. பின்னால் வந்த பற்றீரியாக்கள் ஏற்படுத்திய நிமோனியாவே பெரும்பாலானோரைக் கொன்றது என்பது 2008இல் வெளியான ஆய்வொன்றின் முடிவு. நோயெதிர்ப்பு மருந்துகள் அப்போது இல்லை.

தோட்டத் தொழிலாளரும் வணிகரும் வந்த பாதை என்றே தலைமன்னாரைப் பற்றி எழுதிவருகிறோம். அவ்வழியே வந்த மரணத்தையும் சேர்த்தெழுதினால்தான் அந்த வரலாறு முழுமை பெறும் என்பேன்.