கண்டி நகரின் குடிநீரும் மணல் வடிகட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

மகாவலி கங்கை கண்டி நகரை மூன்று புறமும் வளைத்துச் செல்கின்றது. அவ்வாறிருந்தும், பிரித்தானியர் காலத்தில் இந்நகருக்கென அமைந்த நீர்வழங்கல் காட்டை நம்பியே உருவாயிற்று. காட்டிலிருந்து ஆற்றுக்கு நகர் இறங்கிவந்த வரலாற்றையும், அதனால் இன்று எழுந்துள்ள ஒரு புதிய பிரச்சினையையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொழும்பைப் போன்று கண்டியும் மாநகர சபை ஒன்றைப் பெற்றது. நகரத்தை அடுத்துள்ள துனுமடலாவ வனத்தின் இரு நீர்த்தேக்கங்கள் அக்கால ஏற்பாட்டின் எச்சங்களாகும். ஒரு காலத்தில் பெருந்தோட்டமாக விளங்கிய அந்நிலம் பின்னர் காடாக வளர்ந்தது. மனித வாழ்வின் கழிவு கலவாத இடத்தில் நீரைப் பெறுதல் என்பதே அவ்வேற்பாட்டின் அடிப்படையாகும்.

இத்தகைய மலைக்காடு வாய்க்காத ஐரோப்பிய நகரங்கள் வேறு வழியை நாட வேண்டியிருந்தது. 1829 இல் ஜேம்ஸ் சிம்சன் என்ற பொறியியலாளர் இலண்டன் செல்சி நீர் நிறுவனத்துக்காக மணல் வடிகட்டியை அமைத்தார். மணிக்கு 10 முதல் 30 சதமமீற்றர் வரையான வேகத்தில் நீர் மெல்லக் கீழிறங்குவதால் இது மெது மணல் வடிகட்டி எனப்படுகின்றது. சில வாரங்களில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் நிறைந்த வழுவழுப்பான படை ஒன்று உருவாகின்றது. நீரிலுள்ள கிருமிகளையும் சேதனப் பொருள்களையும் அழிப்பதில் இப்படைக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே இவ்வடிகட்டியை உயிருள்ள ஒன்றெனக் கூறினும் மிகையாகாது.

இதன் பெருமையை 1892 ஆம் ஆண்டு உலகறியச் செய்தது. எல்பே ஆற்று நீரை வடிகட்டாது பருகிய ஹம்பேர்க் நகரில் வாந்திபேதியால் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அதன் கழிவு கலந்த நீரையே கீழ்ப்புறத்தில் பெற்ற அல்ற்றோனா நகரோ, நீரை மணலில் வடித்தமையால் பெரும்பாலும் தப்பியது. தமிழகத்திலும் 1914 இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மெது மணல் வடிகட்டிகள் நிறுவப்பட்டன.

கண்டியிலோ நகர் பெருகியபோது காட்டு நீர் போதாமற் போயிற்று. கெட்டம்பேயிலும், பின்னர் கட்டுகஸ்தோட்டையிலும் மகாவலி நீர் பெறப்பட்டுச் சுத்திகரிக்கப்படலாயிற்று. இதே ஆறுதான் நகரின் வடிகாலுமாகும். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807 இல் அமைப்பித்த ஏரியிலிருந்து வெளியேறும் மெத எல, நகரின் கழிவுகளைச் சுமந்து கெட்டம்பேப் பகுதியில் மகாவலியை அடைகின்றது. கட்டுகஸ்தோட்டையோ அதற்குக் கீழ்ப்புறத்தில் உள்ளது. அல்ற்றோனாவின் நிலையை இது நினைவூட்டுகின்றதன்றோ?

ஆயின் இன்றைய ஆற்றில் கலக்கும் கழிவு 1892 இன் கழிவன்று. மனிதர் உட்கொள்ளும் மருந்துகளில் ஒரு பகுதி மாற்றமின்றியே உடலைவிட்டு வெளியேறுகின்றது. கொழுப்பைக் குறைக்கும் மருந்தொன்றின் எச்சமான குளோபிபிரிக் அமிலம் 1970களில் அமெரிக்கக் கழிவுநீரிலும், 1990களின் முற்பகுதியில் பேர்லின் நகரின் குழாய் நீரிலும் கண்டறியப்பட்டது. இவற்றின் அளவு மிகச் சிறிதாயினும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சம் அவற்றுக்கு அடங்காத கிருமிகள் பெருக இடமளிக்கும் என்பது அறிஞர் கவலையாகும்.

பழைய மணல் வடிகட்டி இங்கு எவ்வளவு பயன்தரும்? பரசிற்றமோல், இபுபுறோபன் போன்றவற்றை அதன் நுண்ணுயிர்கள் பெருமளவில் சிதைக்கவல்லன. வலிப்பு நோய்க்குத் தரப்படும் காபமசபீனோ பெரும்பாலும் அப்படியே கடந்து செல்கின்றது. 1990களில் இலண்டனில் பூச்சிகொல்லிகளை அகற்றும் பொருட்டு மணற்படைகளுக்கிடையே உயிர்ப்பூட்டப்பட்ட கரிப்படை இடப்பட்டது. மருந்துகள் பலவற்றையும் அக்கரி ஈர்த்துப் பிடிக்கவல்லது. எனினும் அதன் ஆற்றல் குன்றும்போது அதனைப் புதுப்பித்தல் வேண்டும். அதற்குப் பொருட்செலவும் உண்டு.

அச்செலவு யாருடையது? ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய சட்டம், கழிவுநீரிலிருந்து இத்தகைய எச்சங்களை அகற்றும் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர் ஏற்க வேண்டுமென விதித்தது. கண்டியிலும் 2010 இல் கைச்சாத்தான ஜப்பானியக் கடனுதவியுடன் கழிவுநீர் முகாமைத்துவத் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. ஆற்றை அடையுமுன்பே கழிவைத் தடுத்தல் என்ற வகையில் இவை ஒரே திசையிற் செல்வன.

மணல் வடிகட்டி தன் காலத்துக் கொள்ளைநோயை வென்றது. அதன் வெற்றியே, எத்தகைய நீரையும் இறுதியில் வடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை வளர்த்தது எனலாம். அந்நம்பிக்கைக்கு எல்லை உண்டென்பதை மருந்தெச்சங்கள் உணர்த்துகின்றன. ஊற்றைக் காப்பதே முதற்கடன் என்னும் துனுமடலாவ வனத்தின் பாடம், மகாவலிக் கரைக்கும் உரியதாகும்.