கண்ணுக்கு விட்ட ஒரு சொட்டு



கண் எப்படி இருக்கிறது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். இப்போது தேவலை. களத்தில் நெல் தூற்றும்போது உமி பட்டுக் கருவிழியில் புண்ணாகிவிட்டது. டாக்டர் ஒரு சொட்டு மருந்து விட்டு, கண் மரத்ததும் புண்ணைச் சுரண்டிப் பரிசோதனைக்கு எடுத்தார். அந்தச் சொட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் இருந்தார். நண்பர் சிக்மண்ட் பிராய்டு அப்போது கொக்கெய்னை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது நாக்கில் பட்டால் மரத்துப்போகிறதே, கண்ணில் விட்டால் என்ன என்று கோலருக்குத் தோன்றியது. முதலில் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு தம் கண்ணிலேயே விட்டு, குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். வலி இல்லை! அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று ஹைடல்பர்க் மாநாட்டில் இந்தச் செய்தி வெளியானது. போய்வரக் கோலரிடம் பணமில்லை. அவர் கட்டுரையை வேறொருவர்தான் வாசித்தார்.

கொக்கெய்ன் கருவிழியைக் கெடுத்தது, அடிமையாக்கவும் செய்தது. அதனால் மாற்று தேடினார்கள். 1905 வாக்கில் புரோகெய்ன் வந்தது. 1943இல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெய்னை உருவாக்கினார்.

இந்த மருந்துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. நரம்பை மரக்கச் செய்வதோடு, பாக்டீரியாவின் மேலுறையையும் இவை சிதைக்கும். லிடோகெய்ன், புரோகெய்ன் இரண்டின் இந்தக் குணத்தையும் 1970இல் ஷ்மிட், ரோசன்கிரான்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

நல்லதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். புண்ணை ஆற்ற அந்தச் சக்தி போதாது. ஆனால் சுரண்டி எடுத்த கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளரவிடாமல் செய்யப் போதும். "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட் வரும். கிருமியோ கண்ணுக்குள் இருக்கும். அதனால்தான் கிருமியை அதிகம் பாதிக்காத புரோபாரகெய்ன் சொட்டைக் கண் மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கண்ணில் தூசு விழுந்தால் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். மரக்கவைக்கும் சொட்டை வீட்டில் தொடர்ந்து விட்டால் கருவிழியே கரையும். ஏற்கெனவே ஏதாவது விட்டிருந்தால், சுரண்டி எடுக்கும் முன்பே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வகுப்பில் கேட்காதவர்கள் இதையாவது கேளுங்கள்!

அன்புடன்,
உங்கள் வாத்தியார்