மாகோ சந்தியில் ரயில் மாறியவர்கள்

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலைக்கு வாய்த்திருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என நான்கு கொடிகள் அதற்காக அடிபட்டன. ஆனால் கோணமலைப் பிள்ளையொருவர் மேற்படிப்புக்குக் கடல் தாண்ட நினைத்த காலங்களில் அந்தத் துறைமுகம் அவருக்குப் பெரிதாக உதவவில்லை. அது கடற்படையின் துறைமுகம். படிக்கப் போகிறவர் பெட்டியோடு ரயில் நிலையத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது.

1927இல் திருகோணமலைக்கு ரயில் வந்த பிறகு சென்னைக்குப் போகும் வழி இதுதான்: முதலில் தென்மேற்காகக் கல்லோயா, அங்கிருந்து மாகோ சந்தி. அங்கே இறங்கி வடக்கே போகும் வண்டியில் ஏறி அநுராதபுரம், மதவாச்சி கடந்து தலைமன்னார். தலைமன்னாரில் கப்பல். தனுஷ்கோடியில் மறுபடி ரயில், பாம்பன் பாலம், எழும்பூர். வரைபடத்தில் பார்த்தால் நாகப்பட்டினம் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் குறைவு. கரையிலிருந்து கரைக்கு நேரே கிடக்கிற அந்தக் கடலை விட்டுவிட்டு, பாதித் தீவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்த ஊரின் உயர்கல்வி வரலாறு முழுவதிலும் இதே சுற்றுவழியைக் காணலாம். பரீட்சைத் தாள், விண்ணப்பப் படிவம், பெறுபேறு, வீசா எல்லாமே வேறோர் ஊரில் இருந்தன. அந்த ஊருக்கான வழி தெரிந்தவர் போனார். தெரியாதவர் நின்றுவிட்டார்.

அக்கரைக்குப் போய்ப் படிக்கும் வழக்கம் ரயிலைவிட மிகவும் பழையது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். ஒரு தலைமுறை கழித்துத் திருகோணமலையிலிருந்து இரு சகோதரர்கள் அதே நகரத்துக்குப் போனார்கள். மூத்தவர் தி. த. கனகசுந்தரம்பிள்ளை, இளையவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. மூத்தவர் பழந்தமிழ்ப் பதிப்புலகில் மதிக்கப்பட்ட புலவரானார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இளையவர் அங்குள்ள கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் நூலகராக அமர்ந்தார்.

இந்த இளையவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். 1892இல் பெண்களின் விடுதலையைப் பேசும் 'தத்தைவிடுதூது' என்ற நூலை எழுதினார். 1895இல் 'மோகனாங்கி' வெளிவந்தது. மதுரை, தஞ்சை நாயக்கர் காலத்தை வைத்துப் புனைந்த அந்தக் கதையைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் கொள்கிறார்கள். 1902இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே அவர் மறைந்துவிட்டார். ஊரில் இருந்திருந்தால் அந்தச் சுவடிகளும் அச்சகங்களும் அறிஞர் கூட்டமும் அவருக்குக் கிடைத்திருக்காது. வெளியூர்க் கல்வி ஒருவருக்கு என்ன தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி திருகோணமலை வரலாற்றில் இல்லை. அவர் தத்தைவிடுதூதில் பேசியதற்கு ஊரில் ஒரு பள்ளிக்கூடமே எழுந்தது, ஆனால் 1923இல்தான். தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற பெண்மணி தொடங்கிய அந்தச் சண்முக வித்தியாலயம்தான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி.

அரசாங்கச் செலவில் இங்கிலாந்து போகும் வழியும் ஒன்று இருந்தது. 1870இல் ஏற்படுத்தப்பட்ட ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் அது. பொன்னம்பலம் அருணாசலம் அதைப் பெற்றுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார். திரும்பி வந்து, போட்டிப் பரீட்சை வழியாக இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையராகப் பெயர் பெற்றார். புலமைப்பரிசில் கொழும்பின் கல்லூரிகளோடு ஒட்டிய ஏற்பாடு. கிழக்கு மாகாணத்தின் கரையோர ஊர்ப் பள்ளிகளுக்கு அது எட்டாக் கனி. அருணாசலத்துக்கு அது தெரிந்திருந்தது. தான் கடல் தாண்டிப் படித்தது போதும், நாட்டுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துப் போராடினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது.

ஏழைப் பிள்ளைகளுக்கு உண்மையில் கதவு திறந்தது வேறு திசையிலிருந்து. 1880 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளை இலங்கையிலேயே எழுதலாம் என்றானது. லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் 1882இல் வந்து சேர்ந்தன. பிள்ளை கடல் தாண்டத் தேவையில்லை, விடைத்தாள் தாண்டினால் போதும். கப்பலில் போன தாள் திருத்தப்பட்டுப் பெறுபேறாகத் திரும்பி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வெளிவாரிப் பட்டம் என்று நாம் இன்று சொல்வதன் தாய்வேர் இதுதான்.

இந்த வழியை முழுதாகப் பயன்படுத்தியவர் கிழக்கு மாகாணக் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன். கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் 1908இல் தேறினார். ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் வென்றார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். ஒரு கையில் மதுரைப் பண்டிதம், மறு கையில் லண்டன் விஞ்ஞானம், இரண்டும் உத்தியோகத்தின் இடையே இரவுப் படிப்பில் வந்தவை. துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆன பிறகு, 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் சார்பில் கட்டி வளர்த்தவர்களில் அவர் முன்னின்றார். 1897இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி. வெளிப் பரீட்சை எழுதுவது எப்படி என்று புத்தகத்தில் படித்துச் சொன்னவர் அல்லர் அவர், எழுதித் தேறிக் காட்டியவர். அந்த ஊர் மாணவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தது பெரும் பேறு. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் போன அவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அதே பதவியை முதன்முதலாக ஏற்றார்.

அந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஜூலையில் பிறந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. போர் முடிந்து, 1957 அக்டோபரில் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். டொக்யாட் சம்பளத்தை நம்பி வாழ்ந்த வீடுகளில் பிள்ளைகளின் படிப்புத்தான் அடுத்த பிடிமானமாயிற்று.

இலங்கை மாணவரின் படிப்புக்கு வெளிநாட்டு அரசுகள் பணம் கொடுக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் போட்ட அடித்தளத்தில் கொழும்புத் திட்டம் எழுந்தது. 1959இல் பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் வந்தது. 1960இல் மொஸ்கோவில் தொடங்கிய, பின்னர் லுமும்பா பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் ஆசிய ஆபிரிக்க மாணவர்களை அழைத்தது. சொந்தப் பணத்தில் போவதோ குதிரைக் கொம்பு. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், கட்டணம் கட்ட ரூபாயைப் பவுணாக மாற்றவும் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பழைய சென்னை வழியும் ஒடிந்தது. கப்பல் பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து ஓடினாலும் பழைய நடமாட்டம் திரும்பவில்லை.

எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்தது தரப்படுத்தல். தமிழ் மொழிமூல மாணவர் பேராதனையில் பொறியியல் படிக்க 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழிமூலத்தாருக்கு 227 போதும் என்ற நிலை தமிழ் வீடுகளில் ஆறாத புண்ணாயிற்று. திருகோணமலையில் அதன் கணக்குச் சற்றுச் சிக்கலானது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இழந்த இடங்களோடு ஒப்பிட்டால், பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்பட்ட திருகோணமலைக்கு வாசல் சற்று அகலவே திறந்தது. இன்றும் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலை இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அந்த ஒரே கோட்டாவில் போட்டியிடுகிறார்கள். கோட்டா வேண்டுமா வேண்டாமா என்று வாதாடும்போது இந்த ஊரின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் படிப்பு என்பதன் பொருளே மாறிப்போனது. உயிர் தப்பப் போனவர்கள் போன இடத்தில் படித்தார்கள். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு ஈழ அகதி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் இடம் ஒதுக்கியது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அது நிறுத்தப்பட்டது, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தது. ஊரிலும் ஒரு விதை ஊன்றப்பட்டது. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமானது. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் அந்த வளாகத்தில் சித்த மருத்துவமும் படிக்கலாம்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபது வயதை ஒட்டியவர்கள். உயர்தரம் முடித்து, மேற்படிப்பின் வாசலில் நின்றவர்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் 2019இல் திருகோணமலை நீதிமன்றம் விடுவித்தது. கொன்றவர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு, பிள்ளையை எப்படியாவது வெளியே அனுப்பிவிடவேண்டும் என்று ஒரு தாய் சொன்னால் அதைப் படிப்பாசை என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்றைய விண்ணப்பக்காரரின் பைலைத் திறந்து பார்த்தால் இந்த நூற்றைம்பது ஆண்டும் அதற்குள் கிடக்கிறது. மேலே உயர்தரப் பெறுபேற்றுத்தாள், அதில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளி. கீழே பிறப்புச் சான்றிதழ், அதோடு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை குத்திய ஆங்கிலப் பிரதி. தகப்பன் பெயர் ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தால் அதைச் சரிக்கட்ட ஒரு சத்தியக்கடதாசி. ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு. கிராம சேவகர் கடிதம். காணி உறுதியின் பிரதி. கடைசியில் வங்கிக் கூற்று. பிரித்தானியாவுக்கென்றால் காட்டும் பணம் 28 நாட்கள் தொடர்ச்சியாகக் கணக்கில் கிடக்கவேண்டும். கனடா 2024 ஜனவரியில் வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகையை 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. 2022 பொருளாதார நெருக்கடியில் அமெரிக்க டொலர் சில வாரங்களிலேயே 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது, முதலாம் ஆண்டுக் கட்டணம் கட்டிப் பிள்ளையை அனுப்பியிருந்த குடும்பங்கள் இரண்டாம் ஆண்டுக்கு நகையை அடகு வைத்தன.

பணத்துக்கு அடுத்த தடை தகவல். இளங்கலைக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், முதுகலைக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் என இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கென்றே உதவி வைத்திருக்கிறது. விளம்பரம் வரும், முடிவுத் திகதி போகும். மூதூரிலும் குச்சவெளியிலும் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியவரும் நேரத்தில் காலம் கடந்துவிடும். அந்த இடைவெளியில்தான் தரகர்கள் புகுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்காத நிறுவனத்துக்கும் அவர்கள் இடம் பிடித்துத் தருவார்கள். மருத்துவமென்றால் இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்த பல்கலைக்கழகம்தானா என்பது முதல் கேள்வி. திரும்பி வந்து சபையின் பதிவுப் பரீட்சையில் தேறாமல் இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. இந்த இரண்டு அங்கீகாரங்களையும் முற்பணம் கட்டுவதற்கு முன் விசாரிக்கவேண்டும், கட்டிய பிறகு அல்ல.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிற கோணமலைப் பழைய மாணவர்கள் தங்கள் பள்ளிகளுக்குக் கட்டடமும் கணினியும் அனுப்புகிறார்கள், நன்றி. அதோடு இன்னொன்றும் செய்யலாம். அங்கே படித்து முடித்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, உயர்தரப் பெறுபேறு வந்த அடுத்த வாரத்தில், தங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு இணையத்தில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். எந்தப் புலமைப்பரிசிலுக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தக் கடிதம் யாரிடம் கேட்பது, எதற்குப் பணம் கட்டக்கூடாது என்று சொல்லுங்கள். நகரப் பள்ளிகளோடு நிறுத்திவிடாமல் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், வெருகல் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.