மஞ்சளும் மறதியும்

மஞ்சள் நினைவாற்றலைக் காக்கும் என்னும் பேச்சு இன்று பரவலாக உலவுகிறது. மறதி நோயுற்ற முதியோருக்குக் குர்குமின் மாத்திரை வாங்கித் தருவோரையும் காண்கிறோம். பழம்பெருமை பேசுமுன் இந்நம்பிக்கை வந்த வழியை நாம் அறிந்துகொள்வது நல்லது.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை வோகல், பெல்லத்தியே என்னும் இருவர் 1815இல் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு அமைப்பு 1910இல்தான் துலங்கியது. மூளையோடு அதனை இணைத்துப் பேசியது பிற்கால ஆய்வே. அல்சைமர் நோயில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படிகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், குர்குமின் அப்படிவுகளில் ஒட்டிக்கொள்வதையும் எலிகளின் மூளையில் அவை குறைவதையும் 2005இல் அறிவித்தனர்.

எலிக்கு வாய்த்தது மனிதருக்கு வாய்க்கவில்லை. 36 நோயாளிகளிடம் 24 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2012இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 4 கிராம் வரை கொடுத்தும் பயன் தெரியவில்லை. குர்குமின் குருதியில் சேர்வது மிகச் சொற்பம். சேர்ந்ததையும் குடலும் கல்லீரலும் விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகின்றன.

இத்தடை முன்பே அறியப்பட்டதுதான். மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால், குருதியில் கிடைக்கும் குர்குமின் ஏறத்தாழ 20 மடங்கு பெருகுவதைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் காட்டினர். வேற்றுப் பொருளை மாற்றி வெளியேற்றும் கல்லீரலின் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துகிறது.

எளிதில் உட்கிரகிக்கப்படும் வகைக் குர்குமினை, மறதி நோய் இல்லாத 40 பேரிடம் 18 மாதம் சோதித்து, நினைவாற்றல் மேம்பட்டதாக 2018இல் ஓர் ஆய்வு கூறியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் 40 பேர் என்பது சிறு தொகை. அதற்கு முந்தைய ஆண்டுதான், குர்குமின் நிலையற்ற பொருள், ஆய்வுக்கூடச் சோதனைகளில் பொய்யான நற்பலன் காட்டவல்லது என்று வேதியியல் அறிஞர் சிலர் எச்சரித்திருந்தனர்.

மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடே. ஆகவே குழம்பில் இடும் சிட்டிகை வேறு, மாத்திரையின் அளவு வேறு. மஞ்சள் மாத்திரை உண்டோரிடம் நேர்ந்த 10 கல்லீரல் பாதிப்புகளை அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் பதிவு செய்தனர். அவற்றுள் சில மாத்திரைகளில் மிளகுப் பொருளும் கலந்திருந்தது. வேறு மருந்துகள் உண்ணும் முதியோருக்கு, மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தருவது தகாது. முன்னோர் நமக்குத் தந்தது சமையலறை மஞ்சள்; மாத்திரைக்கு அவர்களைச் சாட்சிக்கு அழைப்பது முறையன்று.