கையொப்ப அட்டைச் சேகரிப்பு: கூப்பர்ஸ்டவுன் முதல் மதுரை வரை

விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட சிறு அட்டையில் அவரே இட்ட கையொப்பத்தைப் பெற்றுச் சேர்த்து வைப்பது கையொப்ப அட்டைச் சேகரிப்பு ஆகும். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தை ஒட்டி வளர்ந்த இப்பழக்கம் இன்று பெரும் வணிகமாகவும் உள்ளது. தமிழ்நாட்டில் இதே ஆர்வம் அட்டையின் வழியாக அல்லாமல் ஆட்டோகிராப் நோட்டின் வழியாக வளர்ந்தது.

அட்டையின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள், சிகரெட்டுகள் நசுங்காமல் இருக்க உறைக்குள் தடித்த அட்டை ஒன்றை வைத்தன. அதில் ஆட்டக்காரர்களின் படங்களை அச்சிட்டபோது அட்டைக்காகவே சிகரெட் வாங்குவோர் உருவாயினர். 1909 முதல் 1911 வரை வெளிவந்த ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை, அவர் இசைவு தராததால் விரைவில் நிறுத்தப்பட்டது. எஞ்சிய அட்டைகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. பின்னர் சிகரெட்டின் இடத்தைப் பபிள்கம் பிடித்துக்கொண்டது.

புகழரங்கமும் முன்கணிப்பும்

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பேஸ்பால் புகழரங்கம் உள்ளது. 1936-இல் டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன் ஆகிய ஐவர் முதன்முதலாகத் தேர்வாயினர். பத்துப் பருவங்கள் ஆடி, ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த ஒருவர், வாக்களிக்கும் பத்திரிகையாளர்களில் 75 விழுக்காட்டினரின் ஆதரவைப் பெற்றால் அரங்கில் இடம்பெறுவார்.

இந்த விதி சேகரிப்போரின் போக்கையே மாற்றியது. தேர்வான பின் விலை ஏறிவிடும் என்பதால், நாளை தேர்வாகக்கூடியவரை இன்றே கணித்து அவர் கையொப்பத்தை வாங்கி வைக்கத் தொடங்கினர். கணிப்பு பொய்ப்பதும் உண்டு. ஆட்டத்தில் மிக அதிக ஹிட்டுகள் அடித்த பீட் ரோஸ், பந்தயம் கட்டிய குற்றத்துக்காக 1989-இல் விலக்கி வைக்கப்பட்டார். அரங்கத்தின் கதவு அவர் வாழ்நாளில் திறக்கவில்லை.

முதல் ஐவருள் மாத்யூசன் 1925-லேயே இறந்துவிட்டார். அரங்கம் பிறக்குமுன் மறைந்த அவருடைய கையொப்பம் அரிது. புகழ் வந்தபின் தேடினால் கையொப்பமிட ஆள் இருக்கமாட்டார் என்பதற்கு அவரே சான்று.

இந்தியாவில் கையொப்பம்

1933-34 குளிர்காலத்தில் ஜார்டின் தலைமையிலான எம்.சி.சி. அணி இந்தியாவில் ஆடியது. விஜய் மெர்ச்சண்டின் சகோதரி லட்சுமி, அவ்வணியினர் பதினாறு பேரின் கையொப்பங்களையும் தம் ஏட்டில் வாங்கியிருந்தார். பின்னர் அதே ஏட்டைக் காந்தியடிகளிடம் நீட்டியபோது, அவர் பக்கங்களைப் புரட்டி, அந்த அணியின் பெயர்களுக்குக் கீழே பதினேழாவதாகத் தம் பெயரை எழுதினார்.

காந்தியடிகள் அரிஜன நிதிக்காகக் கையொப்பம் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் பெற்றுவந்தார். அக்காலத்தில் அது சிறிய தொகை அன்று. அந்நிதிக்கான சுற்றுப்பயணத்தில் 1934 ஜனவரியில் அவர் மதுரைக்கும் வந்தார். ஒருவரின் கையொப்பம் விலை பெறுவதையும், அவ்விலை பொதுநலனுக்குச் செல்வதையும் தமிழகம் அப்போதே கண்டுவிட்டது.

மதுரை வட்டாரத்தில்

மதுரையைச் சுற்றிய ஊர்களில் சிறுவர்கள் தீப்பெட்டிப் படங்களையும் சிகரெட் அட்டைகளையும் சேர்த்தனர். சிகரெட் அட்டைகளை வட்டத்துக்குள் வைத்துத் தட்டைக் கல்லால் அடித்து வெளியேற்றுவது ஓர் ஆட்டம். கிடைப்பதற்கரிய அட்டைக்கு மதிப்பெண் அதிகம். அருமையே விலை என்னும் பாடத்தைச் சிறுவர்கள் தெருவிலேயே கற்றனர். 1980-களிலும் 90-களிலும் பிக் ஃபன் பபிள்கம்முடன் கிரிக்கெட் வீரர்களின் படங்கள் வந்தன. ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு கிடைத்ததால், பல படங்கள் சேமிப்பில் நிற்காமல் கைமாறிப் போயின.

கையொப்பத்துக்கோ தனி நோட்டு இருந்தது. பள்ளி இறுதி வகுப்பு முடியும் நாளில் தோழர்களிடமும் ஆசிரியர்களிடமும் நீட்டிய அதே ஆட்டோகிராப் நோட்டே, ஊருக்கு வந்த வீரரிடமும் பேச்சாளரிடமும் நீட்டப்பட்டது.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2009-இல் தனது புகழரங்கத்தைத் தொடங்கியது. இலங்கைத் தமிழரான முத்தையா முரளிதரன் 2016-இல் அதில் இடம்பெற்றார். அங்கும் ஓய்வுக்குப்பின் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 537 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வுபெற்ற அஸ்வின் இன்று அந்தக் காத்திருப்பில் இருப்பவர். அவருடைய கையொப்பத்தை வைத்திருப்போர், அமெரிக்கச் சேகரிப்பாளர் செய்யும் அதே கணிப்பைத்தான் செய்கின்றனர்.

கிரிக்கெட்டுக்கு வெளியே நிலைமை வேறு. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பாட்டியின் உழைப்பில் வளர்ந்த ரேவதி வீரமணி, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார். செவித்திறன் குறைபாடுடைய மதுரை இறகுப்பந்து வீராங்கனை ஜெர்லின் அனிகா, 2022-இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். இத்தகைய ஆட்டங்களுக்கு இங்கே அட்டைத் தொழில் வளரவில்லை. 2025 நவம்பர், டிசம்பரில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதில் ஆடிய இளைஞர்களுள் நாளைய மேதை யார் என்று எவரும் அறியார். அவர்களிடம் ஒரு மாணவர் நோட்டில் வாங்கிய கையொப்பமே இங்கு அட்டைக்கு ஈடான ஆவணம்.

போலிகள்

விலை ஏறிய இடத்தில் போலி நுழைவது இயல்பு. 1990-களில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை மேற்கொண்ட பெரும் சோதனையில் போலிக் கையொப்பமிட்ட ஏராளமான பொருள்கள் சிக்கின. அவற்றுள் அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது! கையொப்பத்தின் மதிப்பு மையில் மட்டும் இல்லை. அது எங்கே, எப்போது, யார் முன்னிலையில் பெறப்பட்டது என்னும் சான்றிலும் இருக்கிறது.

பாதுகாக்கும் முறை

மதுரைச் சமவெளியின் வெப்பமும் வெயிலும் மையை மங்கச் செய்யும். இராமபாணப் பூச்சி தாளை அரிக்கும். ஆகவே,

- கையொப்பமிட்ட தாளைச் சுவரில் மாட்டாமல் இருட்டான, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.
- ஒட்டுநாடா ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கூடாது. பசையும் சூடும் தாளைக் கெடுக்கும்.
- பெற்ற நாள், இடம், ஆட்டம் ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும்.

மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஆயினும் பெரும்பாலோர் விட்டுவிடுவது அதையே. பெயர் படிக்க இயலாத, நாள் குறிக்காத கையொப்பம் ஒரு தலைமுறைக்குள் வெறும் கிறுக்கலாகிப் பழைய தாள் கடைக்குப் போய்விடுகிறது. ஒரு வரிக் குறிப்பு உடனிருந்தால், அதே தாள் அந்த வீரர் இவ்வூரில் ஆடினார் என்பதற்குச் சான்றாகும்.