புற்றுநோய்ப் பதிவேடு

ஒரு குறிப்பிட்ட பகுதியில் வாழும் மக்களிடையே புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு புற்றுநோயையும் விடாமல் பதிந்து, ஆண்டுதோறும் கணக்கிட்டு ஆராயும் ஏற்பாடு ‘மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு’ எனப்படும். மருத்துவமனைக் கணக்கு இதற்கு ஈடாகாது. பெரிய மருத்துவமனைக்கு வெளி மாவட்டத்தாரும் வெளி மாநிலத்தாரும் வருவார்கள்; உள்ளூர்க்காரர் பலர் வேறு ஊருக்குப் போவார்கள். மருத்துவமனைக் கணக்கை வைத்து அங்கே எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள் என்று சொல்லிவிடலாம். ஓர் ஊரில் லட்சம் பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று சொல்லப் பதிவேடுதான் வேண்டும்.

தொடக்கம்

இத்தாலியின் வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவுகளை மருத்துவர் ரிகோனி-ஸ்டெர்ன் ஆராய்ந்து 1842இல் முடிவுகளை வெளியிட்டார். கன்னியாஸ்திரீகளிடையே கருப்பைப் புற்று அரிதாகவும், மார்பகப் புற்று மற்றப் பெண்களைவிட அதிகமாகவும் இருந்தன. காரணத்தை அவரால் விளக்க முடியவில்லை. கருப்பை வாய்ப் புற்றுக்குப் பாலுறவு வழியே பரவும் வைரஸ் காரணம் என்பது உறுதியாக இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. ஆனால் வாழும் முறைக்கேற்ப நோயும் மாறுகிறது என்பதை இறப்புக் கணக்கே காட்டிவிட்டது.

நோயாளிகளை உயிரோடு இருக்கும்போதே பதியும் வழக்கம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1926இல் உருவானது. மூன்று செவிலியர்கள் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களிடமும் முறையாகச் சென்று புதிய நோயாளிகளின் பெயர்களைக் குறித்துவந்தனர். அந்தப் பட்டியல் வாரந்தோறும் இறப்புச் சான்றுகளோடு ஒப்பிடப்பட்டது. பதிவேட்டு வேலையின் அடிப்படை இன்றும் இதுதான். 1942இல் டென்மார்க் நாடு முழுமைக்குமான பதிவேட்டைத் தொடங்கியது.

வரைபடம் காட்டிய தடயம்

அமெரிக்காவில் 1950 முதல் 1969 வரையிலான புற்றுநோய் இறப்புகளை மாவட்டவாரியாக வண்ணமிட்டு 1975இல் ஒரு வரைபடத் தொகுப்பு வெளியானது. தென்கிழக்குக் கடலோரத்தில் ஆண்களின் நுரையீரல் புற்று அதிகமாகத் தெரிந்தது. ஆய்வாளர்கள் ஜார்ஜியா கடற்கரைக்குச் சென்று நோயாளிகளின் பழைய வேலைகளை விசாரித்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை பார்த்தவர்களிடம் நோய் கூடுதலாக இருந்தது. அங்கே நுரையீரல் புற்றை உண்டாக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தாராளமாகப் பயன்பட்டிருந்தது. அதே தென்கிழக்குப் பகுதியில் பெண்களின் வாய்ப்புற்று அதிகமாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் வாயில் அடக்கிவைக்கும் புகையிலைப் பொடி என்பது 1981இல் வெளியான வட கரோலினா ஆய்வில் தெரியவந்தது.

வரைபடம் எங்கே போய் விசாரிக்க வேண்டும் என்று சொல்லும். காரணத்தை நேரில் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் மக்கள்தொகைப் பதிவேட்டை 1963இல் பம்பாயில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் தொடங்கியது. அதன் பின்னால் நின்றவர் மருத்துவர் டி. ஜே. ஜுசாவாலா. பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்று அதிகமாகவும், கருப்பை வாய்ப் புற்று குறைவாகவும் இருப்பதைப் பம்பாய்க் கணக்கு காட்டியது. தாமதமான திருமணமும் குறைவான பிள்ளைப்பேறும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை ஏற்படுத்தியது. பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் மக்கள்தொகைப் பதிவேடுகள் அதில் முதலில் இடம்பெற்றன. பின்னர் 2001–02 தரவுகளைக் கொண்டு தயாரான இந்தியப் புற்றுநோய் வரைபடத்தில், மிசோரமின் ஐஸால் பகுதி வயிற்றுப் புற்றுக்காகத் தனித்துத் தெரிந்தது. 2003இல் அங்கும் பதிவேடு வந்தது. புகையிலைப் புகையைத் தண்ணீரில் செலுத்தித் தயாரிக்கும் ‘துய்புர்’ என்ற நீரை வாயில் அடக்கிக்கொள்ளும் அந்த ஊர் வழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

தமிழ்நாட்டில்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம்தான் சென்னைப் பதிவேட்டை நடத்துகிறது. பல நாடுகளில் மருத்துவமனைகளே தகவலை அனுப்பிவைக்கின்றன. இந்தியாவில் பதிவேட்டு ஊழியர்கள் தேடிப் போக வேண்டும். மருத்துவமனையின் பதிவறை, திசுப் பரிசோதனைக் கூடம், மாநகராட்சியின் இறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். குறைந்தது ஓராண்டாவது அந்தப் பகுதியில் குடியிருந்தவரே கணக்கில் சேர்வார். ஒரே நோயாளி ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையும் இன்னொன்றில் கதிர்வீச்சும் பெற்றிருப்பார். குடும்பப் பெயர் இல்லாத ஊரில், ஒரு சீட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்து இருக்கும், மறு சீட்டில் கணவன் பெயருடையது இருக்கும். வயது, தெரு, நோய் வந்த உறுப்பு எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்த பிறகே இருவரா ஒருவரா என்று முடிவாகும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் இருக்கிறது. 1980களில் சென்னைப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்று முந்திக்கொண்டது. இந்த மாற்றத்தை ஆண்டாண்டாகப் பின்தொடரப் பதிவேடு உதவியது.

திண்டுக்கல் மாவட்டத்தின் கதை இன்னும் நேரடியானது. அங்கே 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கும் இடங்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். அம்பிளிக்கையை மையமாகக் கொண்ட பதிவேடு, சோதனை நடந்த ஊர்களிலும் நடக்காத ஊர்களிலும் நோயையும் இறப்பையும் எண்ணியது. சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007இல் ‘லான்செட்’ இதழில் இந்த முடிவு வெளியானது. விலையுயர்ந்த கருவி இல்லாமலே உயிர் காக்க முடியும் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த வலுவான சான்று இது. பதிவேடு இல்லையென்றால் அதை நிரூபித்திருக்க முடியாது.

இன்றைய நிலை

2020இல் வெளியான தேசிய அறிக்கை 28 மக்கள்தொகைப் பதிவேடுகளைக் கொண்டது. அவை நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரையே தழுவின. கிராமங்களின் பங்கு குறைவு. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், நோய் விகிதத்தைக் கணக்கிட மதிப்பீடுகளையே நம்ப வேண்டியதாயிற்று. கர்நாடகம், பஞ்சாப் போன்ற சில மாநிலங்கள் புற்றுநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியுள்ளன. நாடு முழுவதும் அவ்வாறு செய்ய வேண்டும் என்று 2022இல் நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றுவது அரசின் கடமை. மருத்துவமனையில் சீட்டுப் பதியும்போது சரியான வயதையும் நிரந்தர முகவரியையும் தவறாமல் சொல்வது, நோயாளியும் உடன் வருவோரும் இந்தக் கணக்குக்குச் செய்யக்கூடிய பேருதவி.